கேமரா நடக்கிறது, யாருடைய கால்களில்?

கல்யாண மண்டபம் முதல் திரைப்படத் தளம் வரை எல்லாக் கேமராக்களும் இப்போது ஆடாமல் அசையாமல் ஓடுகின்றன. ஓடுவதற்குக் காரணம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

முகூர்த்த நாள் காலை. தென்காசி மாவட்டம் திருவேங்கடத்தில் ஒரு கல்யாண மண்டபம். தவிலும் நாகஸ்வரமும் முழங்க மாப்பிள்ளையை அழைத்து வருகிறார்கள். அவருக்கு ஆறடி முன்னால், போகும் திசைக்கு முதுகைக் காட்டியபடி பின்னோக்கி நடந்து வருகிறான் ஓர் இளைஞன். முழங்கால்கள் லேசாக மடங்கியிருக்கின்றன. விரல்கள் முதலில் தரையைத் தொட, குதிகால் அப்புறம்தான் இறங்குகிறது. இரண்டு கைகளாலும் பிடித்திருப்பது, கேமராவின் ஆட்டத்தை நிறுத்தும் கிம்பல். அதன் உச்சியில் கேமரா. அவன் தோளும் இடுப்பும் என்ன பாடுபட்டாலும் கேமரா மட்டும் சலனமில்லாமல் வருகிறது. அவனுடைய பேண்ட் பெல்ட்டைப் பிடித்து வழிகாட்டிக்கொண்டு வருகிறான் இன்னும் சின்னப் பையன் ஒருவன். மறு கையில் எல்.இ.டி. விளக்கு. “யத்தே, கொஞ்சம் ஒதுங்குங்க. கேமராவப் பாக்காதீய, நீங்க பாட்டுக்கு வாங்க” என்கிறான், ஆரத்தித் தட்டோடு நிற்கும் அம்மாளிடம். அவர் ஒதுங்குகிறார். படத்திலிருந்தும் ஒதுங்கிவிடுகிறார்.

இருபது வருடங்களுக்கு முன் இந்த வழுவழுப்பான ஓட்டம் வேண்டுமென்றால் ஸ்டெடிகேமும், அதை உடம்பில் மாட்டிக்கொண்டு நடக்கப் பழகிய ஆளும் வர வேண்டும். பெரிய படங்களே கணக்குப் பார்த்துத்தான் கூப்பிட்டன. இன்று சங்கரன்கோவில் வட்டாரத்தில் சின்னதாக ஸ்டுடியோ வைத்திருப்பவருக்கும் கிம்பல் கைக்கெட்டும் பொருள். ரீல்ஸில் ‘சினிமாட்டிக்’ என்ற பெயரில் ஓடுவதெல்லாம் இந்த ஓட்டம்தான். தமிழ் சினிமாவும் ஒரே ஷாட்டில் சண்டை, ஒரே ஷாட்டில் முழுப் படம் என்று இதை விளம்பரத்தில் போட்டுக்கொள்கிறது. கை நடுக்கம் ஒழிந்ததில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் ஆட்டத்தை ஒழித்த கருவி, கேமராவை நகர்த்துவதற்கு இருந்த விலையையும் சேர்த்து ஒழித்துவிட்டது. விலை இருந்த காலத்தில் ‘எதற்கு நகர்த்துகிறோம்?’ என்று யாராவது ஒருவர் கேட்டே தீர வேண்டியிருந்தது. இப்போது கேட்க ஆளில்லை.

தண்டவாளம் போட்ட காலம்

ட்ராலி ஷாட் என்றால் முதலில் தரையைப் பார்க்க வேண்டும். மேடு பள்ளத்துக்கு ஆப்புக்கட்டை வைத்து, தண்டவாளத்தைச் சமன் செய்து, வண்டியில் கேமராமேனையும் ஃபோகஸ் பார்ப்பவரையும் ஏற்றி, தள்ளுகிறவரின் வேகமும் நடிகரின் நடையும் ஒத்துப்போகும் வரை ஒத்திகை பார்க்க வேண்டும். 1977இல் ‘16 வயதினிலே’ வந்த பிறகு தமிழ்க் கேமரா ஸ்டுடியோவை விட்டு வயலுக்கும் வரப்புக்கும் போனதே, அப்போது இந்த வேலை இன்னும் கூடியது. வெடித்துக் கிடக்கும் கரிசல் காட்டில் பத்தடி தண்டவாளம் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும். ஒரு நகர்வுக்கு அரை நாள் போய்விடும் என்றால், அந்த அரை நாளுக்குக் கதையில் என்ன வரவு என்று இயக்குநர் யோசிக்காமல் இருக்க முடியாது.

இந்தத் தண்டவாளச் சிறையை உடைத்தவர் அமெரிக்காவின் ஃபிலடெல்பியா நகரத்துக்காரர் காரெட் பிரவுன். 1970களின் நடுவில் அவர் செய்த ஸ்டெடிகேமுக்கு ஒரு மாதிரிப் படம் எடுத்தார். அதில் அவருடைய தோழி அந்நகரின் கலை அருங்காட்சியகப் படிக்கட்டில் ஏறி இறங்கி ஓட, கேமரா கூடவே ஓடியது. அதைப் பார்த்த இயக்குநர் ஜான் ஏவில்ட்சன், இந்தப் படிக்கட்டு எங்கே இருக்கிறது என்று விசாரித்தார். ‘ராக்கி’யில் சில்வஸ்டர் ஸ்டாலோன் ஓடி ஏறும் 72 படிகள் அவைதாம். அந்தக் கருவியைப் பயன்படுத்திய ‘மாரத்தான் மேன்’, ‘ராக்கி’, ‘பவுண்ட் ஃபார் குளோரி’ மூன்றும் 1976இல் வெளியாயின. 1978இல் ஆஸ்கர் குழு அந்தக் கருவிக்குத் தொழில்நுட்ப விருது கொடுத்தது. அடுத்த பெரிய மாற்றத்துக்கு 2013 வரை பொறுக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு வந்த ‘மோவி’யும், 2014இல் டி.ஜே.ஐ. கொண்டுவந்த ‘ரோனி’னும் மோட்டார் வைத்த கிம்பலைப் படப்பிடிப்புத் தளத்துக்குள் கொண்டுவந்தன. 2018இல் ஒரே கையில் பிடிக்கும் ‘ரோனின் எஸ்’ வந்தபோது, கல்யாண வீடியோக்காரர்களுக்கும் கதவு திறந்துவிட்டது.

*பெட்டிச் செய்தி: ஆட்டம் எப்படி நிற்கிறது?*
*ஸ்டெடிகேமில் ஆட்டத்தை நிறுத்தும் மோட்டார் எதுவும் இல்லை. உடம்பில் ஒரு கவசம், அதிலிருந்து ஸ்பிரிங் வைத்த கை, அந்தக் கையின் முனையில் ஒரு நெட்டுத் தண்டு. தண்டின் மேல்முனையில் கேமரா. கீழ்முனையில் பேட்டரியும் மானிட்டரும். எடை இரண்டு முனைகளுக்கும் பிரிந்துவிடுவதால் தண்டு சட்டென்று திரும்பாது. எடை மையத்துக்குப் பக்கத்தில் விரல் நுனியால் தொட்டே அதைத் திருப்புகிறார்கள். தண்டைப் படுக்கைவாட்டில் பிடித்து விட்டால் அது நிமிர இரண்டு மூன்று விநாடி ஆக வேண்டும். அதுதான் சரியான சமநிலை. கிம்பலின் வழி வேறு. சென்சார்கள் சாய்வை உணர்ந்து சொல்ல, மூன்று அச்சுகளில் உள்ள மூன்று மோட்டார்கள் எதிர்த்திசையில் திருப்பிச் சரிசெய்கின்றன. சுழற்சியை மட்டும்தான் அவை திருத்தும். அடியெடுத்து வைக்கும்போது வரும் மேலும் கீழுமான குலுக்கலை மனிதர் முழங்காலை மடக்கித்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.*

ஊஞ்சலில் ஒரு கேமரா

கருவி இல்லாத காலத்திலும் கேமரா அற்புதமாக நகர்ந்திருக்கிறது. சத்யஜித் ராயின் ‘சாருலதா’வில் (1964) மாதபி முகர்ஜி தோட்டத்தில் ஊஞ்சலாடும் காட்சி. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவின் கேமரா ஊஞ்சலோடு சேர்ந்தே ஆடுகிறது. அதனால் அவள் முகம் படத்தில் நிலையாக நிற்கிறது. பின்னால் தோட்டம்தான் ஏறி இறங்குகிறது. வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஒருத்தியின் மனம் முதல்முறையாக அசைவதை நாம் தோட்டத்தில் நின்று வேடிக்கை பார்க்கவில்லை, அவளோடு உட்கார்ந்து ஆடுகிறோம். அதே ஆண்டு வெளியான ‘சோய் கியூபா’வில் ஒரு சவ ஊர்வலத்தைக் காட்டக் கேமராவைக் கைமாற்றிக் கைமாற்றி மாடிக்கு ஏற்றி, ஜன்னல் வழியே தெருவுக்கு மேலே கம்பியில் மிதக்கவிட்டார்கள். ஸ்டெடிகேம் வர இன்னும் பத்து வருடத்துக்கு மேல் இருந்தது.

இவற்றில் ஒரு பொது விதி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கேமரா நகரும்போதெல்லாம் யாரோ ஒருவர் நகர்கிறார். அது பாத்திரமாக இருக்கலாம், ஊராக இருக்கலாம், கதை சொல்கிறவராக இருக்கலாம். பார்க்கிறவருக்கு அது யாரென்று பெயர் சொல்லத் தெரியாது, ஆனால் உடம்பு உணர்ந்துகொள்ளும். ஸ்டான்லி கூப்ரிக்கின் ‘தி ஷைனிங்’கில் (1980) காலியான ஹோட்டல் நடைவழியில் சின்னப் பையன் மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறான். பின்னால் தரையோடு தரையாக ஸ்டெடிகேம் வருகிறது. பேய்க்குக் கால் கிடையாது என்பது நம் ஊர் நம்பிக்கை. அந்தக் காட்சி ஏன் பயமுறுத்துகிறது என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. அடியெடுத்து வைக்கும் குலுக்கலே இல்லாத ஒன்று குழந்தையைத் தொடர்ந்து போகிறது. பத்து வருடம் கழித்து ‘குட்ஃபெல்லாஸ்’ படத்தில் அதே ஸ்டெடிகேம் ஒரு ரவுடியும் அவன் காதலியும் பின்வாசல் வழியாக, சமையலறையைத் தாண்டி, இரவு விடுதிக்குள் போவதைக் கிட்டத்தட்ட மூன்று நிமிடம் வெட்டில்லாமல் தொடர்கிறது. கதவுகள் திறக்கின்றன, ஆட்கள் வழிவிடுகிறார்கள், மேஜை தானாக வந்து சேர்கிறது. அங்கே வழுவழுப்பு என்பது அவனுடைய செல்வாக்கு. ஒரே கருவி ஒரு படத்தில் பேயாகவும் இன்னொன்றில் பணமாகவும் இருக்கிறது.

தமிழில் இதற்கு நேர் எதிர்முனையில் நிற்பது பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’. 2021இல் ரோட்டர்டாம் விழாவின் டைகர் விருதை வாங்கிய படம். விக்னேஷ் குமுளையும் ஜெய பார்த்திபனும் ஒளிப்பதிவு. மேலூர்ப் பக்கத்துப் பொட்டல் வெயிலில், கோபித்துக்கொண்டு பிறந்த வீடு போன மனைவியைத் தேடிப் போகும் குடிகார அப்பனும் அவனுடைய மகனும் நடக்கிறார்கள். கேமரா அவர்கள் முதுகைவிட்டு விலகாமல் நெடுநேரம் கூடவே வருகிறது. கதையை முன்னே தள்ளுவதற்காக அது வரவில்லை. அந்தத் தூரத்தை நம் காலில் ஏற்றுவதற்காக வருகிறது. படம் 75 நிமிடம்தான், ஆனால் முடியும்போது நமக்கே தாகம் எடுக்கிறது.

பந்தியைக் காணோம்

இப்போது கல்யாண வீடியோவுக்கு வருவோம். வீடுகளில் பாதுகாத்து வைக்கும் படங்கள் அவை. வி.எச்.எஸ். காலத்து வீடியோக்காரருக்கு ஒரு கணக்கு இருந்தது. தோளில் கேமராவை வைத்துக்கொண்டு, கூட ஒரு பையன் கண்கூசும் ஹாலஜன் விளக்கைப் பிடிக்க, பந்தியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒவ்வோர் இலையாக மெதுவாகப் போவார். சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்து பார்ப்பவர், முகத்தைத் திருப்பிக்கொள்பவர், குழந்தைக்கு அப்பளத்தை நொறுக்கிப் போடுபவர் என்று எல்லா முகமும் பதிவாகும். பிறகு மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் வரிசை வரிசையாக. அவ்வளவு சலிப்பான படம் உலகத்திலேயே இருக்க முடியாது என்று அப்போது எல்லோரும் சிரித்தோம். இன்று அந்த கேசட்டைத் தூசி தட்டி டிஜிட்டலாக மாற்றித் தரச் சொல்லி வருகிறவர்கள் தேடுவது மணமக்களை அல்ல. இறந்துபோன தாத்தாவை, வெளியூர் போய்த் தொடர்பு விட்டுப்போன சித்தப்பாவை, பின்னாளில் பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளியை.

கிம்பல் அந்தப் பந்திக்குப் போவதில்லை. போனாலும் இலைகளின் மேல் ஸ்லோமோஷனில் மிதந்துவிட்டு வந்துவிடுகிறது. அதன் கண் முழுக்க மணமக்கள்மேல். நடந்துவரும் மணப்பெண், சுற்றிவரும் கேமரா, காற்றில் பறக்கும் முந்தானை. அதற்கு முந்தைய வாரமே குற்றாலத்திலோ சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தித் தோட்டத்திலோ எடுத்த ‘அவுட்டோர்’. நான்கு நிமிடத்துக்குள் பாட்டோடு முடிந்துவிடும். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நகர்வுக்கு ஒரு குணம் உண்டு: கேமரா நடக்கும்போது நடக்கிறவர்களைத்தான் பார்க்கும். உட்கார்ந்திருப்பவர்கள் பின்னணியில் கலங்கலாகப் போய்விடுவார்கள். நம் கல்யாணங்களில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கிழவர்கள், கிழவிகள், முழங்கால் வலிக்காரர்கள், மொய் எழுதுகிறவர்கள், சமையல்கட்டில் காய் நறுக்குகிறவர்கள். குடும்பத்தின் பாதி அங்கேதான் இருக்கிறது. கூடவே சடங்கின் வேகமும் மாறுகிறது. வாசலில் ஒரு முறை ஆரத்தி எடுத்தது போதாமல், வெளிச்சம் சரியில்லை என்று இன்னொரு முறை. மாலை மாற்றுவதை நிதானமாக, திரும்பவும். ஐயர் காத்திருக்கிறார், நல்ல நேரம் காத்திருப்பதில்லை.

இதற்குக் கல்யாண வீடியோக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. கேட்கிறவர்கள் கேட்பதைக் கொடுக்கிறார். ஓரமாக ஒரு முக்காலியில் இன்னொரு கேமராவை வைத்து மண்டபத்தை அப்படியே பதிவு செய்கிறேன் என்று அவர் சொன்னால், பல வீடுகளில் அது வேண்டாத செலவு. அந்தப் பதிவுக்கு மதிப்பு வர இருபது வருடமாகும் என்பதால் பேரம் பேசும் நாளில் அது எடுபடாது.

கத்தரிக்கு வேலையில்லாத படம்

திரைப்படத் தளத்தில் விளைவுகள் வேறு மாதிரி. கேமரா எந்தப் பக்கமும் திரும்பும் என்றால் விளக்கை எங்கே ஒளிப்பது? ஜன்னலுக்கு வெளியிலிருந்தும், செட்டுக்குள்ளேயே எரியும் பல்புகளிலிருந்தும்தான் வெளிச்சம் வர வேண்டும். ஃபோகஸ் பார்ப்பவர் கேமராவின் பக்கத்தில் நிற்க முடியாமல், தூரத்தில் மானிட்டரைப் பார்த்து வயர்லெஸ்ஸில் வேலை செய்கிறார். மைக் பிடிப்பவருக்கு நிற்க இடமில்லை. தமிழ் சினிமாவின் பெரும்பகுதி டப்பிங்கில் வாழ்வதால் இந்தக் கடைசித் தொல்லை இங்கே பெரிதாகத் தெரியாது. நம் கேமராக்கள் இவ்வளவு தாராளமாகச் சுற்றுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நடிகருக்கு லாபம் உண்டு. மேடை நாடகம்போல முழுக் காட்சியையும் மூச்சுவிடாமல் நடிக்கக் கிடைக்கிறது. நஷ்டம் எடிட்டருக்கு. வெட்டில்லாத காட்சியில் ஐந்து விநாடி தொய்ந்தால் அந்தத் தொய்வு படத்தோடு இருந்துவிடும். அடுத்த இடத்துக்குப் போய்ச் சேர்வதற்காகக் கேமரா நடக்கும் வெறும் நடையையும் பார்வையாளர்தான் தாங்க வேண்டும்.

ஆர். பார்த்திபனின் ‘இரவின் நிழல்’ (2022) இந்தச் சோதனையை உச்சத்துக்குக் கொண்டுபோனது. ஒரு மனிதனின் வாழ்க்கையை முன்னும் பின்னுமாகச் சொல்லும் முழுப் படமும் ஒரே ஷாட், ஆர்தர் ஏ. வில்சன் ஒளிப்பதிவு, ஏ.ஆர். ரஹ்மான் இசை. வரிசையாகப் போட்ட செட்டுகளுக்கு நடுவே கேமரா நடந்தால் காலம் மாறிவிடுகிறது. யோசனை பிரமாதம், உழைப்பு அதைவிட. ஆனால் தியேட்டரில் படத்துக்கு முன்னால் அது எடுக்கப்பட்ட விதத்தைக் காட்டும் படம் ஒன்றை ஓட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டு உட்காரும் ரசிகர், கேமராவுக்குப் பின்னால் ஓடுகிறவர்களை நினைத்துத்தான் பதறுகிறார். கதையின் நாயகனுக்காகப் பதற அவருக்கு அவகாசமில்லை. யாருடைய கால்கள் என்ற கேள்விக்கு அங்கே கிடைக்கும் பதில், படக்குழுவின் கால்கள். அதை ஒரு குறையாகத்தான் பார்க்கிறேன். துணிச்சலைக் குறைத்துச் சொல்லவில்லை.

மலையாளத்தில் ‘அங்கமாலி டைரீஸ்’ (2017) முடிவில் 11 நிமிட ஒரே ஷாட் வருகிறது. கிட்டத்தட்ட ஆயிரம் பேர் நடமாடும் திருவிழாக் கூட்டத்துக்குள் கிரீஷ் கங்காதரனின் கேமரா ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவித் தாவிப் போகிறது. அங்கே நடப்பது ஊர். ஒருவன் சிரிப்பதும் அடுத்தவன் கத்தியோடு வருவதும் ஒரே தெருவில், ஒரே நேரத்தில் என்பதை வெட்டி ஒட்டினால் நம்ப மாட்டோம். அதே கிரீஷ் 2022இல் ‘விக்ர’மில் சண்டைக் காட்சிகளுக்கு ‘மோக்கோபாட்’ என்ற ரோபோ கையைப் பயன்படுத்தினார். மனிதக் கழுத்து திரும்ப முடியாத வேகத்தில் அது திரும்புகிறது. சிலிர்ப்பு உண்டு. அங்கமாலித் தெருவில் இருந்த பயம் இல்லை.

*பெட்டிச் செய்தி: வெட்டில்லா வரலாறு*
*35 மி.மீ. ஃபிலிமில் ஆயிரம் அடிச் சுருள் சுமார் 11 நிமிடம்தான் ஓடும். ஹிட்ச்காக்கின் ‘ரோப்’ (1948) அதனால்தான் சுருளுக்குச் சுருள் ஒட்டிய படம். டிஜிட்டல் வந்ததும் தடை நீங்கியது. அலெக்சாண்டர் சொக்குரோவின் ‘ரஷ்யன் ஆர்க்’ 2001 டிசம்பர் 23 அன்று, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அரண்மனை அருங்காட்சியகத்தில் நான்காவது முயற்சியில் எடுத்து முடிக்கப்பட்டது. தில்மன் பூட்னர் ஸ்டெடிகேமைச் சுமந்தபடி சுமார் ஒன்றரை மணி நேரம் நடந்தார். ஜெர்மனியின் ‘விக்டோரியா’ (2015) 138 நிமிடம். ஈரானின் ‘ஃபிஷ் அண்ட் கேட்’ (2013) காலத்தை வளைத்துச் சொல்லும் ஒற்றை ஷாட் படம். ‘இரவின் நிழ’லுக்குச் சூட்டப்பட்ட ‘உலகின் முதல் நான்லீனியர் ஒற்றை ஷாட்’ பட்டத்தை மறுத்தவர்கள் எடுத்துக்காட்டியது இதைத்தான். ‘1917’ (2019) ஒரே ஷாட்போலத் தெரிந்தாலும் வெட்டுகளை ஒளித்து இணைத்தது.*

மறுப்புகள்

‘ஆடும் கேமராதான் நிஜம், வழுவழுப்பு பொய்’ என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களோடு நான் சேர மாட்டேன். நடக்கும்போது நம் தலை குலுங்குகிறது. ஆனால் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு கண்ணை அதற்கேற்ப எதிர்ப்பக்கம் திருப்பிவிடுவதால் உலகம் நமக்குக் குலுங்குவதில்லை. அந்த வகையில், தோளில் வைத்து எடுத்த படத்தைவிட ஸ்டெடிகேம் படம்தான் நாம் நடந்து பார்க்கும் அனுபவத்துக்கு நெருக்கமானது. ஆட்டமும் ஓர் அலங்காரமே. பதற்றம் வேண்டுமென்றால் ஆட்டு என்பது, பிரமாண்டம் வேண்டுமென்றால் மிதக்கவிடு என்பதைப் போலவே சோம்பேறித்தனம்.

இரண்டாவது மறுப்பு கனமானது. எளியவர் கைக்கு இந்தக் கருவி வந்ததால்தானே சென்னையில் யாரையும் தெரியாத பையன்கள் சிற்றூர்களிலிருந்து குறும்படம் எடுக்கிறார்கள்? காரணம் கேட்டால் மறுபடியும் பழைய வாயிற்காவலர்கள்தானே வருவார்கள்? உண்மை. ட்ராலி வாடகைக்கு வழியில்லாததால் எடுக்கப்படாமல் போன படங்களின் கணக்கு யாரிடமும் இல்லை. அந்த விலை திரும்பி வர வேண்டுமென்று நான் கேட்கவில்லை. விலை செய்த வேலையை இனி மனிதர் செய்ய வேண்டும் என்கிறேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்; கிம்பல் கூடத்தைச் சமமாக்கிவிட்டது, இனி அந்தச் சாக்கு செல்லாது.

மூன்றாவது: ‘நகராத கேமராவைப் போற்றுவது திரைப்பட விழா மேட்டிமை.’ இதற்கு ஒரு படத்தையே பதிலாகச் சொல்லலாம். லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ பெரும்பாலும் அசையாத சட்டகங்களால் ஆனது. ஒளிப்பதிவு நம் தேனி ஈஸ்வர். பழனிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கும் மலையாளி ஒருவர், அங்கே காணாமல்போன தமிழ் ஆளாகவே மாறி நடமாடத் தொடங்குகிறார். ஆள் மாறிவிட்டார், சுவரும் திண்ணையும் தெருவும் இருந்தபடியே இருக்கின்றன. அந்த நிலைத்த சட்டகங்கள்தாம் அதிசயத்தை நம்பவைக்கின்றன. கேமரா அவரோடு மிதந்திருந்தால் அது வெறும் கனவாகப் போயிருக்கும். ஆக, அங்கே நிற்பதற்குக் காரணம் இருந்தது. காரணமில்லாமல் நிற்கும் விழாப் படங்களும் ஏராளம். அவற்றுக்கும் இதே கேள்விதான்.

ஆட்டம் விற்பனைக்கு

இனி கிம்பலே தேவைப்படாமல் போகலாம். 2018இல் கோப்ரோ ‘ஹைப்பர்ஸ்மூத்’ கொண்டுவந்தது. 2022இல் ஐபோன் 14இல் ‘ஆக்‌ஷன் மோட்’ வந்தது. சட்டகத்தின் ஓரங்களை வெட்டிவிட்டு, மிச்சத்தை மென்பொருளே சமன்செய்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், எடிட்டிங் மென்பொருள்களுக்கு ‘கையில் பிடித்த கேமரா’வின் ஆட்டம் ரெடிமேடாக விற்கிறது. பணம் கொடுத்து ஆட்டத்தை நீக்கிவிட்டு, பிறகு படம் உயிரில்லாமல் இருக்கிறதே என்று பணம் கொடுத்து ஆட்டத்தைச் சேர்க்கிறார்கள்.

தரமணித் திரைப்படப் பயிற்சி நிறுவனத்திலோ, விஸ்காம் வகுப்பிலோ, சங்கரன்கோவில் ஸ்டுடியோ ஒன்றில் தொழில் பழகும் பையனுக்கோ ஒரு பயிற்சி கொடுத்துப் பார்க்கலாம். ஒரு பெண் ரேஷன் கடையிலிருந்து பையோடு வீட்டுக்கு நடக்கிறாள். முதல் முறை அவளுடைய மகன் பின்னால் வருவதாக எடுக்க வேண்டும். இரண்டாம் முறை கடன் கொடுத்தவன். மூன்றாம் முறை யாருமே வரவில்லை. மகனென்றால் உயரம் எவ்வளவு, எட்டு எவ்வளவு, வழியில் எதைப் பார்த்து நிற்பான், கடன்காரனென்றால் எவ்வளவு தூரம் விட்டு வருவான், யாருமில்லையென்றால் கேமரா நடக்கவே வேண்டுமா என்பதையெல்லாம் எடுப்பதற்கு முன் தாளில் எழுதித் தரட்டும். மூன்றையும் ஒரே கிம்பலில் எடுத்துக்கொள்ளலாம். மூன்றும் ஒரே மாதிரி வந்திருந்தால், திரும்ப எடுக்கச் சொல்லிவிட வேண்டும்.